கருவாட்டுப் பொட்டலமும் நூற்றெட்டுப் பூத்தட்டும்

கிருஷ்ணம்மாவின் வண்டிக்கு முற்பிறப்பு ஒன்று உண்டு. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மகவைச் சுமந்து, பங்களாத் தோட்டத்து ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே மெல்ல உருண்ட குழந்தைவண்டி அது. சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்த ஐம்பத்தாறாம் ஆண்டில் அந்தத் துரையின் குடும்பம் கப்பலேறிற்று. வண்டி பங்களாவின் பின்புறக் குப்பைமேட்டில் ஏறிற்று. துணிக்கூரை கிழிந்து தொங்கிற்றேனும் சக்கரங்கள் நான்கும் பழுதற்று இருந்தன. அவற்றின்மேல், சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்திறங்கும் மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டார் கிருஷ்ணம்மா. கோலார் தங்க வயலில் அந்தப் பெட்டி இல்லாத வீடு அக்காலத்தில் இல்லை. அரிசி வைப்பது அதில்; பாடப்புத்தகம் அடுக்குவது அதில்; கைப்பிள்ளையைத் துணி விரித்துக் கிடத்துவதும் அதில். வீடுகள் கழித்த பொருளைச் சுமக்க அதனைப் பூட்டியவர் அவர் ஒருவரே.

அவர் கணவர் முனிரத்தினம் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கல்தூசி நெஞ்சில் படிந்து, ஐம்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் மறைந்தார். கம்பெனி வீட்டை ஒப்படைத்துவிட்டு, கோரமண்டல் ரயில் நிலையத்தின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையில் குடிபுகுந்த கிருஷ்ணம்மாவுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. கொட்டகையின் பாதி அவர் இல்லம். மறுபாதி அவர் தரம்பிரிக்கும் இடம்.

தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாய் நின்ற லைன்களில் வேப்பமர லைன் அவருடைய முதல் களம். தொடக்கத்தில் அங்கே வாசலுக்கு ஒரு தகரம் இருந்தது. அடுப்புச் சாம்பல், காய்த்தோல், நாளிதழ், உடைந்த சீசா யாவும் அதனுள் ஒருங்கே கிடந்தன. கனல் மாறாத சாம்பல் காகிதத்தைக் கருக்கும். காய்த்தோலின் ஈரம் சாம்பலைச் சேறாக்கும். ஒன்றின் குற்றத்தால் மற்றொன்று கெட்டது. கிருஷ்ணம்மா வாசல்தோறும் நின்று, சாம்பலுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, உலர்ந்த பொருளுக்கு ஒன்று என மூன்று தகரம் வைக்கக் கேட்டார்.

மூன்றாம் வீட்டுச் சரோஜம்மா வாய்விட்டுச் சிரித்தார். "சாமிக்கு மூணு கண்ணு சரி. குப்பைக்கு இன்னாத்துக்கு மே மூணு தகரம்?"

"நமக்கு ரெண்டு கண்ணுதானேக்கா கீது? மூணாவது கண்ணுக்குப் பதிலா மூணு தகரம் வெச்சிக்கலாம்."

சரோஜம்மாவுக்கு அந்த விடை பிடித்துப்போயிற்று. மறுநாளே அவர் வாசலில் மூன்று தகரங்கள் நின்றன. திங்கள் ஒன்று கழிவதற்குள் லைன் முழுவதும் நின்றன.

அதன்பின் வேப்பமர லைனில் கழித்தது எதுவும் கழிந்துபோகவில்லை. பூதிகோட்டையிலிருந்து காய்கறி ஏற்றிவந்த மாட்டுவண்டிகள் திரும்பும்போது சாம்பலையும் தோலையும் ஏற்றிச் சென்று வயலில் சேர்த்தன. தகரடப்பா விளக்குச் செய்பவரிடம் போய்ச் சிம்னி விளக்காய் அதே லைனுக்குத் திரும்பிற்று. சீசா எண்ணெய்க்காரரிடமும், எலும்பு பங்காரப்பேட்டை எலும்பு ஆலைக்கும் சென்றன. கிழிந்த காகிதம் சரக்கு ரயிலேறி அட்டை ஆலைக்குப் போயிற்று. கிழியாத நாளிதழ் மட்டும் கடைத்தெருவில் கங்காதரனின் மளிகைக்கு, பொட்டலம் மடிப்பதற்காகச் சென்றது.

இவ்வளவு பிரித்த கிருஷ்ணம்மா ஒன்றை மட்டும் பிரிப்பதில்லை. நாளிதழை மடித்து அடுக்கிக் கயிறு கட்டி வைத்த கட்டை அவர் அவிழ்ப்பதில்லை. கட்டி வைத்தவள் கருத்துள்ளவள், அவள் கட்டைச் சோதிப்பது அவளைச் சோதிப்பதாகும் என்பது அவர் எண்ணம். கட்டு எப்படி வந்ததோ அப்படியே கடைக்குப் போகும். அந்த நல்லெண்ணமே அவருக்கு வினையாய் வந்தது.

அறுபத்து நான்காம் ஆண்டு. பொங்கல் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. சரோஜம்மா கங்காதரன் கடையில் நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்தார். மேலுறை நாளிதழ். உள்ளுறையோ வழுவழுப்பான தடித்த தாள். கருவாட்டைக் கொட்டிவிட்டுத் தாளைத் திருப்பியவர் இரு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு அலறினார். தாளில் மயில்மேல் வேலேந்தி நின்றான் முருகன். திருமுகத்தில் உப்புப் பூத்திருந்தது. வேலின் நுனியில் ஒரு நெத்திலி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ முருகா, உன்னைப் போயி நெத்திலியோட கட்டிட்டாங்களே!"

சற்று நேரத்தில் லைனின் பாதி கங்காதரன் கடைமுன் கூடிற்று. கங்காதரன் நடுங்கிப்போனாலும் நாவு நடுங்கவில்லை. "காகிதம் என்னுது இல்லீங்க. கிருஷ்ணம்மா கொண்டாந்து போட்ட கட்டு. பையன் பார்க்காம கிழிச்சு மடிச்சிட்டான். கட்டுக்குள்ள சாமி இருக்குன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

"தெரியாமயா?" என்று தாளைத் தூக்கிக் காட்டினார் சரோஜம்மா. "சாமி காலடியில உன் கடைப் பேரு போட்டுக் கீதே!"

முருகனின் பாதத்தின்கீழ், 'கங்காதரன் மளிகை, கோரமண்டல். தங்கள் நல்லாதரவை நாடும்' என்று பொன்னெழுத்தில் இருந்தது. சென்ற ஆண்டு அவரே வாடிக்கையாளர்க்கு வழங்கிய காலண்டர். கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

"பேரு என்னுதுதான். வருசப் பொறப்புக்குச் சாமியைக் குடுத்தவன் நான். கருவாட்டுக்குக் குடுத்தது யாருன்னு அவளைக் கேளுங்க" என்றார் கங்காதரன்.

அன்று மாலையே லைன் முருகன் கோயில் கமிட்டி கூடிற்று. அதன் தலைவர் ராஜப்பா மேஸ்திரி. சுரங்கத்தின் செங்குத்தான வழியில், நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு, முட்டுக்கொடுக்கும் மரங்களைக் கட்டி இறக்கும் குழுவின் தலைவர் அவர். முப்பதாண்டில் அவர் கட்டிய மரம் ஒன்றும் நழுவியதில்லை. ஆதலின் மேலே அவர் சொன்ன சொல்லும் நழுவுவதில்லை. மறுநாள் முதல் கிருஷ்ணம்மாவுக்கு எவரும் எதுவும் கொடுக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோயில்முன் அழைத்து விசாரிப்பது. தக்க விடை இல்லையேல் பங்காரப்பேட்டையிலிருந்து லாரி வைத்து, லைனின் குப்பை எல்லாவற்றையும் ஒன்றாய் வாரி, தங்கம் பிரித்த கழிவுமண் மலையாய்க் குவிந்த சைனைடு மேட்டுக்குப் பின்னே கொட்டுவது. இதுவே கட்டளை.

மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு லைனுக்குள் நுழைந்த கிருஷ்ணம்மா முதல் வீட்டின் முன்னே நின்றார். மூன்று தகரங்களும் கவிழ்ந்திருந்தன. அடுத்த வீட்டிலும் அவ்வாறே. கண்ணெட்டிய மட்டும் கவிழ்ந்த தகரங்கள். ஆறாண்டு உழைப்பால் நிமிர்த்தி வைத்த யாவும் ஒரே மாலையில் கவிழ்ந்துவிட்டன. கதவுக்குப் பின்னால் மூச்சுவிடும் ஓசை கேட்டது, கதவு திறக்கவில்லை.

லைனின் கோடியில் மரியகுழந்தையின் வாசலில் மட்டும் தகரங்கள் நிமிர்ந்திருந்தன. மாதா கோயிலுக்குத் தவறாது செல்லும் அவர், முறம் பின்னுவதில் வல்லவர். கிருஷ்ணம்மாவுக்கு அங்கே உற்ற தோழி. தம் வீட்டுக் கட்டைத் தாமே அவிழ்த்து, தாள்தாளாய் உதறிக் காட்டினார்.

"பார்த்துக்கோ கிருஷ்ணா. எங்க சாமி யாரும் உள்ள இல்ல. அப்பறம் மாதா படத்துல காராசேவு மடிச்சாங்கன்னு நானும் உன்னோட சண்டைக்கு வரக் கூடாது பாரு."

கிருஷ்ணம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "ஆமா குழந்தை, உங்க சாமி காலண்டர் பழசானா இன்னாதான் பண்ணுவீங்க?"

"குருத்தோலை மாதிரிதான். குருத்தோலை ஞாயித்துக்கிழமை குடுத்த ஓலையை வருசம் பூரா வூட்ல வெச்சிருப்போம். அடுத்த வருசம் கோயில்ல திருப்பிக் குடுத்துடுவோம். அதை எரிச்சுத்தான் விபூதிப் புதன்ல சாமியார் நெத்தியில பூசுவாரு. படமும் அப்படித்தான். எறியறது கெடையாது, திருப்பிக் குடுக்கறது. உங்க ஜனங்க இன்னா பண்றாங்க?"

கிருஷ்ணம்மா மனத்துக்குள் கணக்கிட்டார். தம் லைனில் நாற்பது வீடுகள். வீட்டுக்கு இரண்டு மூன்று காலண்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வம். ஆறாண்டாய் ஒரு காலண்டர்கூட உலர்பொருள் தகரத்தில் அவர் கண்டதில்லை. போகித் தீயிலும் கண்டதில்லை. அப்படியாயின் அத்தனை தெய்வங்களும் எங்கே எழுந்தருளினர்?

கொட்டகைக்குத் திரும்பினார். கடைக்குப் போகாமல் தங்கிய கட்டுகள் பதினெட்டு அங்கே இருந்தன. வாழ்வில் முதன்முறையாக ஒரு கட்டின் வாழைநாரைத் தளர்த்தி விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். மடித்த நாளிதழின் வயிற்றுக்குள், முகம் உட்புறமாக, செந்தாமரையில் திருமகள் வீற்றிருந்தாள். நாரை மீண்டும் இறுக்கினார். மற்றவற்றைத் தொடவில்லை. தனியே அவிழ்த்தால், உள்ளே வைத்தவள் நீயே என்பார்கள். அவிழ்க்க வேண்டிய கைகள் வேறு, இடம் வேறு என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

ஞாயிறு முற்பகல். சுரங்கத்துக்கு ஓய்வுநாள் ஆதலால் ஆண்களும் பெண்களும் வேம்பின் நிழலில் நிறைந்திருந்தனர். கிருஷ்ணம்மா நீராடி, வெளுத்த புடவை உடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே கோயில் வாசலுக்கு வந்தார்.

"இன்னாம்மா இது?" என்றார் ராஜப்பா. "சாமி வாசலுக்கே குப்பை வண்டியைத் தள்ளிக்கினு வர்றே?"

"குப்பை இல்லீங்க மேஸ்திரி. உங்க எல்லார் வூட்டுக் கட்டும் இதுல கீது. வந்தது வந்தபடி, அவுக்காம கொண்டாந்திருக்கேன்."

பின்பு கூட்டத்தை நோக்கிக் கைகூப்பினார். "மொதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். கட்டைப் பிரிச்சுப் பார்க்காம கடைக்குப் போட்டேன். அது தப்பு. அதுக்கு நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன். ஆனா கட்டினவங்க ஒருதரம் அவுத்துக் காட்டுங்க. அதுக்கப்பறம் லாரியைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க."

கட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கோயில்முன் விரித்த பாயில் வைத்தார். பெயர் எழுதியிராவிடினும் அவற்றின் உரிமையாளரை அறிய ஓர் இடரும் இல்லை. பூக்கட்டும் வீடு வாழைநார் கட்டும். தையற்காரர் வீடு கறுப்பு நூல் கட்டும். சரோஜம்மா கிழிந்த புடவையின் சிவப்புக் கரையைத்தான் கட்டுவார்.

"செவப்புக் கரை யாருதுங்க?"

"என்னுதுதான், அதுக்கு இன்னா இப்போ?" என்று விரைந்து முன்வந்த சரோஜம்மா முடிச்சை இழுத்தார். நாளிதழ்கள் சரிந்தன. அவற்றின் நடுவிலிருந்து வீணையேந்திய கலைமகள் நழுவிவந்து, வெயிலை நோக்கி மலர்ந்தாள். அவளுக்கடியில் வெண்ணெய்க் குடத்தோடு கண்ணன்.

சரோஜம்மாவின் முகம் தம் புடவைக் கரையின் நிறத்தை அடைந்தது. "இது... இது எங்க வூட்டுக்காரரு வெச்சதா இருக்கும்."

பின்வரிசையில் இருந்து அவர் கணவர் எழுந்தார். "நானா? அந்த வாரம் பூரா நான் ராத்திரி ஷிப்டுடி! பகல்ல தூங்கறவனா சாமியை மடிச்சான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் கறுப்பு நூலின் கட்டு அவிழ்ந்தது, அதிலிருந்து பிள்ளையார். சணல் கட்டிலிருந்து இராமர் பட்டாபிடேகம், தம்பியரும் அனுமனும் புடைசூழ. வாழைநாரிலிருந்து திருமகள். சிரித்தவர்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தத்தம் கட்டின் பக்கம் பார்வையைச் செலுத்தினர். பாயில் தெய்வங்கள் நிறைந்துகொண்டே வந்தனர். பதினேழு கட்டுகளில் பதினாறு தெய்வம் தாங்கி வந்தன. எஞ்சிய ஒன்றிலிருந்து சினிமா நடிகை ஒருத்தி கன்னத்தில் விரல் வைத்தபடி வெளிப்பட்டாள். அந்தக் கட்டுக்கு உரியவர் எவரென்று இன்றுவரை தெரியவில்லை.

"எறியணும்னு வெக்கலடி கிருஷ்ணா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார் சரோஜம்மா. "தகரத்துல போட மனசு வரல. கண்ணுல படாம போவட்டும்னு பேப்பருக்குள்ள வெச்சு, மொகத்தை உள்பக்கமா மடிச்சேன். நான் ஒருத்திதான் அப்படிப் பண்றேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நானும்தான்" என்றது ஒரு குரல். "நானும்" என்றது இன்னொன்று. பக்தியால் ஒளித்தவரே யாவரும். ஒளித்ததனாலேயே முருகன் நெத்திலியோடு சேர நேர்ந்தது.

பதினெட்டாம் கட்டு மட்டும் வண்டியில் இருந்தது. கிருஷ்ணம்மா அதை இரு கைகளாலும் எடுத்துப் பாயின் நடுவில் வைத்தார். தேங்காய்நார்க் கயிறு, மூன்று சுற்று, மேலே, ஒன்றையொன்று விழுங்கிய இரு கண்ணிகளாய் ஒரு முடிச்சு. ஆண்கள் வரிசையில் பேச்சு நின்றது. சுரங்கத்தில் வேலை செய்யும் எவருக்கும் அது யாருடைய முடிச்சு என்று சொல்லித்தர வேண்டுவதில்லை. மரம் இறக்கும் முடிச்சு அது. கீழே நிற்பவர்கள் தலைமேல் தொங்கும் மரத்தை அண்ணாந்து பார்த்து, இந்த முடிச்சைக் கண்டபின்னரே மூச்சுவிடுவர்.

அனைவரும் ராஜப்பாவை நோக்கினர்.

அவர் நினைத்திருந்தால், கட்டு என்னுடையது அன்று என்று கூறியிருக்கலாம். மறுத்துப் பேசும் துணிவு அங்கு எவர்க்கும் இல்லை. ஆயின் அந்த முடிச்சை மறுப்பது முப்பதாண்டு வேலையை மறுப்பதாகும். மேடையிலிருந்து இறங்கினார். பாயின்முன் அமர்ந்தார். கண்ணியின் ஒரு நுனியைப் பற்றி ஒரே இழுப்பாய் இழுக்க, முடிச்சு மலர்போல் கழன்றது. உள்ளே ஆறுமுகன், பன்னிரு கைகளும் விரித்து.

படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்பு எல்லோர்க்கும் கேட்கும்படி கூறினார்: "இதை நான்தான் கட்டினேன். கெணத்துல போட்டா குடிக்கிற தண்ணி. கொளுத்தலாம்னா கை வரல. கோயில்லயாவது வெக்கலாம்னா..." அவர் தலை சற்றுத் தாழ்ந்தது. "மூணு வருசம் முன்னாடி கரையான் வருதுன்னு, பழைய படம் இங்க வெக்காதீங்கன்னு பலகை மாட்டினவனே நான். ஜனங்க வேற எங்கதான் போவாங்க? யம்மா கிருஷ்ணம்மா, உன்னை விசாரிக்க உக்காந்தேன். நீ என்னை விசாரிச்சிட்டே."

"நான் யாரையும் விசாரிக்கல மேஸ்திரி. ஒரு யோசனை மட்டும் கீது. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"சதுர்த்திக்குப் புள்ளையாரை வெச்சுக் கும்பிட்டுட்டு இன்னா பண்றோம்? தண்ணியில கரைக்கிறோம். கரைச்சா புள்ளையாருக்கு அவமானமா? படமும் காகிதம்தானே. கழுவுன கையால வாங்கி, மஞ்சத் தண்ணியில ஊறவெச்சுக் கரைப்போம். கரைஞ்ச கூழை வீணாக்க மாட்டேன். முறத்துக்கு வெந்தயம் அரைச்சுக் காகிதக் கூழ் பூசறோம் இல்ல, அதே வேலைதான். பூத்தட்டு பண்ணித் தர்றேன். ஆடிக் கிருத்திகைக்கு நம்ம லைன்லருந்து மலைமேல கீற முருகன் கோயிலுக்குப் போற பூவெல்லாம் அதுல போவட்டும்."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு முதியவர் முணுமுணுத்தார். "குப்பை பொறுக்குற கை. அதுவும் தாலியில்லாத கை. அது பண்ற தட்டா சந்நிதிக்கு?"

எழுந்தவர் சரோஜம்மா. முதலில் குற்றம் சாட்டியவரும் அவரே. "அந்தக் கை இன்னிக்கு இத்தனை சாமியையும் வெளிய கொண்டாந்துச்சு. உங்க கையி இன்னாத்தைக் கொண்டாந்துச்சு பெரியவரே? உங்க கட்டு அந்தச் சணல் கட்டுதானே?"

பெரியவர் தம் மேல்துண்டைச் சரிசெய்வதில் முனைந்தார்.

ராஜப்பா எழுந்து நின்றார். "சரி. நூத்தெட்டுத் தட்டு. ஆடிக் கிருத்திகைக்குள்ள ஆவணும். நனைஞ்ச பூவை வெச்சா தட்டு நிக்கணும். நடுவழியில ஊறிக் கொட்டிப்போச்சுன்னா ஜனங்க என் பேச்சைக் கேக்க மாட்டாங்க, லாரிதான் வரும். அது வரைக்கும் தகரத்தை நிமித்தி வைங்க."

தகரங்கள் நிமிர்ந்தன. ஆனால் அவை ஆடி மாதம் வரையிலான தவணையில் நிமிர்ந்தவை என்பதைக் கிருஷ்ணம்மா ஒருநாளும் மறக்கவில்லை.

வெள்ளிதோறும் கிருஷ்ணம்மா கைகால் கழுவி, மஞ்சள் துணி விரித்த புதுக்கூடையோடு லைனுக்குச் சென்றார். பரண்களிலும் பெட்டியடியிலும் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்த தெய்வங்கள் வெளிவந்தனர். பெண்கள் படத்தைக் கண்ணில் ஒற்றிக் கூடையில் வைத்தனர். கொட்டகையில் மூன்று பெரிய அண்டாக்களில் மஞ்சள்நீர் நிறைந்தது. தாள்கள் ஊற ஊறக் கண்ணனின் நீலமும் மயிலின் பச்சையும் தாமரையின் சிவப்பும் தம் எல்லை இழந்து, மாலைவானத்தின் ஒற்றை நிறமாய் ஒன்றின. இது முருகன், இது திருமால் என்று பிரித்தறிய இயலாத அந்த நீரைக் கண்டு, பிரிப்பதையே தொழிலாய்க் கொண்ட கிருஷ்ணம்மா ஒரு நாழிகை அசையாமல் நின்றார்.

முதல் தட்டுகள் தோற்றன. வழுவழுப்பான தாள் பற்றி நிற்கவில்லை. வெயிலில் காய்ந்ததும் வறண்ட ஏரியின் மண்போல் வெடித்தது. பன்னிரண்டு தட்டுகளையும் மீண்டும் நீரிலிட்டார். கரடான நாளிதழைப் பாதிக்குப் பாதி சேர்த்து, வெந்தயத்தோடு புளியங்கொட்டைப் பசையும் கலந்து இடித்தபோது கூழ் பிடித்தது. பங்களாக் குப்பையில் கிடைத்த, விளிம்பு பெயர்ந்த பீங்கான் தட்டுகளே அச்சு. சரோஜம்மாவும் இன்னும் பலரும் முறைவைத்து வந்து உலக்கை பிடித்தனர். உலக்கையின் தாளத்துக்குப் பதிகம் பாடினர்.

எனினும் ஈரம் தாங்கவில்லை. நனைந்த பூவை ஒருமணி நேரம் வைத்ததும் தட்டின் அடி குழைந்தது. ஆனி பிறந்துவிட்டது. மரியகுழந்தை ஒருநாள் மடியிலிருந்து எதையோ கொட்டினார். மாதா கோயிலில் எரிந்து எஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள்.

"சாமியார்கிட்ட கேட்டுத்தான் எடுத்தாந்தேன். உருக்கிப் பூசிப் பாரு. பூ வெக்கத்தான்னு சொன்னேன். யாருக்குப் பூன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல."

மெழுகு உருக்கிப் பூசிய தட்டில் நீர் தெளித்தபோது, சேம்பிலைமேல் போலத் துளி உருண்டோடிற்று.

ஆடிக் கிருத்திகை விடிந்தது. வானம் மூடியிருந்தது. வேம்பின்கீழ் நூற்றெட்டுத் தட்டுகளிலும் அரளியும் சாமந்தியும் மல்லிகையும் குவிந்தன. நடுவே, மூங்கில் சட்டத்தில் அடுக்கடுக்காய் இருபது தட்டுகளைப் பொருத்திய பூக்காவடி. அத்தட்டுகளைக் கட்டியவர் ராஜப்பா. கட்டிய முடிச்சு அதே முடிச்சு. முதல் தட்டை எடுத்து இரு கைகளால் நீட்டினார்.

"முதல் தட்டு நீ எடும்மா."

கிருஷ்ணம்மா பின்வாங்கினார். "வேணாம் மேஸ்திரி. சுமங்கலிங்க இருக்காங்க. சரோஜாக்கா எடுக்கட்டும்."

"எடு மே!" என்று அதட்டினார் சரோஜம்மா. "உனக்குப் பின்னால நான் வர்றேன். நீ நின்னுக்கினே இருந்தா எனக்கு எப்போ மலை ஏறுறது?"

கிருஷ்ணம்மா தட்டை வாங்கித் தலைமேல் வைத்தார். மேளம் முழங்கிற்று. ஊர்வலம் குன்றின் பாதிவழி ஏறியபோது மழை இறங்கிற்று. தூறல் அன்று, தாரை. மேளக்காரர் துணி கொண்டு மேளத்தை மூடினார். அனைவரின் கண்ணும் தட்டுகளின்மேல். ராஜப்பா காவடிக்கு அருகே அண்ணாந்து நடந்தார், சுரங்கத்தில் மரத்தின்கீழ் நிற்பவர்போல.

மழை தட்டுகளில் விழுந்து, மெழுகின்மேல் உருண்டு, விளிம்பு வழியே வழிந்தது. பூக்கள் நனைந்து மணத்தன. ஒரு தட்டும் குழையவில்லை. ஒரு தட்டும் சரியவில்லை. உச்சிப்படியில் கிருஷ்ணம்மா தம் தட்டை இறக்கிச் சந்நிதியில் வைத்தபோது, பின்னால் நின்ற நூற்றுவரும் ஒரே குரலில் 'அரோகரா' என்றனர். அந்த முழக்கம் முருகனுக்கு மட்டுமே உரியதென்று அன்று அங்கிருந்த எவரும் எண்ணவில்லை. மேளத்தின் துணி விலகிற்று. மழையோடு போட்டியிட்டு அது முழங்கிய முழக்கம் கோரமண்டல் நிலையம்வரை கேட்டதாகச் சொல்வர்.

லாரி வரவில்லை. அடுத்த ஆண்டுக்குள் வேறு நான்கு லைன்கள் மூன்று தகரம் வைத்தன. வழுவழுப்பான தாளில் எதையும் மடிப்பதில்லை என்று கங்காதரன் தம் கடைவாசலில் சூடமேற்றிச் சொன்னார். அறுபத்தைந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் புதுக் காலண்டரோடு கொட்டகைக்கே வந்தார். வள்ளி தெய்வானையோடு முருகன். பாதத்தின்கீழ்க் கடையின் பெயர். அதற்கும் கீழே இன்னொரு வரி. எழுத்தறியாத கிருஷ்ணம்மாவுக்கு மரியகுழந்தை விரல் வைத்துப் படித்துக்காட்டினார்: 'ஆண்டு முடிந்ததும் இப்படத்தைக் கிருஷ்ணம்மாவிடம் கொடுக்கவும்.'

"சாமி காலடியில உன் பேரு கிருஷ்ணா!"

கிருஷ்ணம்மா அந்த வரியை விரலால் ஒருமுறை தடவினார். படத்தைத் தம் கொட்டகைச் சுவரில், கிழக்குப் பார்த்து மாட்டினார். நாள்தோறும் காலையில் அதைத் தொழுதுவிட்டே வண்டியைத் தள்ளினார்.

ஆண்டு முடிந்து போகி வந்தது. அன்று காலை சரோஜம்மா தம் வீட்டுப் படங்களோடு வந்தபோது, சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மஞ்சள்நீர் நிறைந்த அண்டாவில் முதல் தாளாய், தம் பெயர் தாங்கிய அந்தப் படத்தை இரு கைகளாலும் இறக்கிக்கொண்டிருந்தார் கிருஷ்ணம்மா.

"ஏம்மே, உம் பேரு போட்ட படம் ஆச்சே! அதை மட்டுமாவது வெச்சிக்கக் கூடாது?"

"ஊர்ல எல்லாரையும் குடுக்கச் சொல்லிட்டு, நான் மட்டும் ஒளிச்சு வெக்கவாக்கா?" என்றார் கிருஷ்ணம்மா. "சரி, உங்க சாமிங்களைக் குடுங்க. இந்தத் தடவை முந்நூறு தட்டு சொல்லிக் கீறாங்க."